பியோந்தி சாந்தி புருனெல்லோ: ஒரு ஒயின் எப்படி நூறு ஆண்டு தாங்குகிறது?

கேள்வி இதுதான். இத்தாலியிலிருந்து வந்த உறவினர் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். லேபிளில் பியோந்தி சாந்தி, புருனெல்லோ டி மொண்டல்சீனோ, 2010 என்று இருக்கிறது. விலையைத் தேடிப் பார்த்தவர் அரண்டுபோய், "யார் இவர்கள்? இத்தனை வருடம் கெடாமல் இருக்குமா? இப்போது திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: திறக்கலாம். வைத்தாலும் தாங்கக்கூடிய ஒயின்தான். ஆனால் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய ஒயின் என்றாலே நல்ல ஒயின் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்க வேண்டியது. அதை அலமாரியில் பத்து வருடம் பூட்டி வைத்தால் மதிப்பு கூடாது, ஒயின்தான் செத்துப்போகும். நீண்ட காலம் தாங்குவதற்கென்றே தோட்டத்திலேயே தீர்மானித்துச் செய்யப்படுபவை கொஞ்சம்தான். உங்கள் கையில் இருப்பது அந்த வகை. அந்தத் தீர்மானத்தை இத்தாலியில் முதலில் எடுத்தவர்களில் ஒரு குடும்பம்தான் பியோந்தி சாந்தி. அதுவும் ஊரே எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்த காலத்தில்.

ஊர் மொண்டல்சீனோ. டஸ்கனியில், சியெனா நகருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், மலைமேல் இருக்கும் சிறிய கோட்டை ஊர். 1555இல் ஃபுளோரன்ஸ் படைகளிடம் சியெனா விழுந்தபோது, அந்தக் குடியரசின் மிச்சம் இங்கே ஓடிவந்து 1559 வரை நான்கு வருடம் தாக்குப்பிடித்தது. தெற்கே அமியாத்தா என்ற 1,738 மீட்டர் மலை நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் மழையையும் புயலையும் அது கொஞ்சம் தடுத்துவிடும். டஸ்கனியின் இன்னொரு ஒயின் வட்டாரமான கியாந்தியைவிட இங்கே வெயிலும் வறட்சியும் அதிகம். பல நூற்றாண்டுகளாக இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது சிவப்பு ஒயின் அல்ல, மொஸ்கதெல்லோ என்ற இனிப்பு வெள்ளை ஒயின். இன்று அதைக் கேட்டுவாங்கிக் குடிப்பவர்கள் மிகக் குறைவு.

ஊரின் தென்கிழக்கே இல் கிரெப்போ என்ற பண்ணை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது க்ளெமெந்தே சாந்தி என்பவரின் கையில் இருந்தது. 1795இல் பிறந்த அவர் பீசாவில் மருந்தியல் படித்தவர். ஒயின் செய்வதைப் பற்றி எழுதியவர், நொதித்தலை ஒரு மருந்தாளரின் கண்ணோடு பார்த்தவர். மொண்டெபுல்சியானோவில் 1869இல் நடந்த வேளாண் கண்காட்சியில் அவருடைய 1865ஆம் வருடத்து "தேர்ந்தெடுத்த சிவப்பு ஒயின்" வெள்ளிப் பதக்கம் வாங்கியது. பதிவேட்டில் அதன் பக்கத்தில் புருனெல்லோ என்ற பெயரும் இருக்கிறது. அப்போது அது ஒயினின் பெயரே இல்லை. அந்த வட்டாரத்துத் திராட்சை ஒன்றை உள்ளூரில் அப்படி அழைத்தார்கள். 1870களின் இறுதியில் சியெனா மாகாணத்தின் திராட்சை ஆய்வுக் குழு, இது தனி இனம் அல்ல, டஸ்கனி முழுக்க இருக்கும் சான்ஜோவேசேதான் என்று முடிவு சொன்னது.

க்ளெமெந்தேயின் மகள் காத்தரீனா, ஃபுளோரன்ஸைச் சேர்ந்த மருத்துவர் யாகோபோ பியோந்தியை மணந்தார். அவர்களுடைய மகன் ஃபெருச்சியோ, தாய்வழித் தாத்தாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டு பியோந்தி சாந்தி ஆனார். லேபிளில் இரண்டு பெயர் இருப்பதற்குக் கதை இவ்வளவுதான்.

ஃபெருச்சியோ 1849இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கரிபால்தியின் தொண்டர் படையில் சேர்ந்து, 1866இல் பெசேக்காவில் ஆஸ்திரியர்களோடு சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பினார். பிறகு கிரெப்போவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால், அப்போது சுற்றிலும் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

டஸ்கனியில் அன்று நிலம் பெரும்பாலும் வாரச் சாகுபடியில்தான் இருந்தது. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. கொடிகள் கோதுமைக்கும் ஆலிவுக்கும் நடுவே, மரங்களில் ஏற்றிவிடப்பட்டிருக்கும். பாதியைப் பங்கு கொடுக்க வேண்டிய குடியானவருக்குத் தேவை அளவு, தரம் அல்ல. அதோடு 1850களில் சாம்பல் நோய் வந்து தோட்டங்களைச் சூறையாடியது. அடுத்து ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. சந்தையும் சீக்கிரம் விற்று முடிக்கக்கூடிய, மென்மையான ஒயினைத்தான் கேட்டது. கியாந்திக்கு இலக்கணம் வகுத்தவர் என்று பெயர் பெற்ற பேத்தினோ ரிக்காசோலி 1872இல் எழுதிய கடிதத்தில் அந்தக் கலவை இருக்கிறது: மணத்துக்கும் வலுவுக்கும் சான்ஜோவேசே, அதன் முரட்டுத்தனத்தைக் குறைக்கக் கானயோலோ, அன்றாடம் குடிக்கும் ஒயினாக இருந்தால் மல்வசியா என்ற வெள்ளைத் திராட்சையும் கொஞ்சம். இது போதாதென்று, உலர்த்திய திராட்சையின் சாற்றைப் பிறகு சேர்த்து மறுபடி நொதிக்கவிடும் 'கொவேர்னோ' என்ற பழக்கமும் இருந்தது. அதுவும் ஒயினைச் சீக்கிரம் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவரத்தான்.

ஃபெருச்சியோ இது எதையும் செய்யவில்லை. தன் தோட்டத்தில் நன்றாக இருந்த சான்ஜோவேசே கொடிகளை அடையாளம் பார்த்துப் பிரித்தார். அந்தக் கொடிகளிலிருந்தே குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி நட்டார். கானயோலோ கிடையாது, வெள்ளைத் திராட்சை கிடையாது, கொவேர்னோ கிடையாது. சான்ஜோவேசேயை மட்டும் தனியாக நொதிக்க வைத்து, பெரிய மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் விட்டுவைத்தார். 1888ஆம் வருடத்து அறுவடைதான் இன்றைய புருனெல்லோவின் முதல் வருடம் என்று எல்லோரும் எழுதுவார்கள்.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்று. "ஃபெருச்சியோ புருனெல்லோவைக் கண்டுபிடித்தார்" என்பது லேபிளுக்குப் பொருத்தமான கதை. தாத்தா க்ளெமெந்தே 1865லேயே அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார். மொண்டல்சீனோவில் வேறு சிலரும் அந்தக் காலத்தில் இதே பெயரில் பாட்டில் அடைத்திருக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், இந்தக் குடும்பம் விடவில்லை. அதனால்தான் பேர் இவர்களுக்கு நின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரத்தில் புருனெல்லோவை வணிக அளவில் தயாரிப்பவர் என்று அரசுப் பதிவில் இருந்தது இவர்கள் மட்டுமே. அதுவரை உயர்தர 'ரிசெர்வா' என்று இவர்கள் அறிவித்தவை நான்கே வருடங்கள்: 1888, 1891, 1925, 1945. அறுபது ஆண்டுக்கு நாலு. இதை வைத்து எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ரிசெர்வா இல்லாத வருடங்களில் சாதாரண ஒயின் விற்றார்கள், ஆலிவ் எண்ணெய் இருந்தது, நிலம் இருந்தது. வசதி இல்லாத ஒருவர் இந்தச் சோதனையைச் செய்திருக்கவே முடியாது.

சரி, ஏன் கெடாமல் இருக்கிறது?

சிவப்பு ஒயினைக் காப்பாற்றுவது முக்கியமாகப் புளிப்பும் துவர்ப்பும். சான்ஜோவேசேயில் இயல்பாகவே அமிலம் அதிகம். கிரெப்போவின் கொடிகள் ஏறக்குறைய 400 முதல் 500 மீட்டர் உயரத்தில், கலெஸ்திரோ என்ற உதிரும் பாறை மண்ணில் இருக்கின்றன. பகல் வெயிலில் பழுத்தாலும் இரவுக் குளிரில் புளிப்பு இறங்காமல் நிற்கும். துவர்ப்பைத் தருவது டானின், திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. வாழைப்பூவைப் பச்சையாக மென்றால் நாக்கு இழுத்துக்கொள்கிறதே, இளம் புருனெல்லோவின் முதல் வாய் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். இந்த டானின்தான் உள்ளே புகும் ஆக்சிஜனைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஒயினைப் பாதுகாக்கிறது. வருடங்கள் போகப் போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேர்ந்து பெரிதாகின்றன. நாக்கில் பிடிப்பது குறைகிறது, ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் திறந்ததும் நீங்கள் ஏமாறக்கூடும். அடர்ந்த கருஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். சான்ஜோவேசேயின் நிறமிகள் வேதியியல் அமைப்பிலேயே கொஞ்சம் நிலையற்றவை. கபர்னே சோவின்யோன் என்ற திராட்சையில் இருப்பதுபோல அவை இறுகிக்கொள்வதில்லை. அதனால் இளமையிலேயே இது வெளிறிய மாதுளை நிறம்தான், வயதாக ஆக விளிம்பில் செங்கல் நிறம் ஏறும். நீர்த்துப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மூக்குதான் இங்கே சரியான சாட்சி: புளிச்செர்ரி, காய்ந்த இலை, புகையிலை, தோல், ஆரஞ்சுத் தோல்.

பீப்பாய்க்கும் பங்கு உண்டு. இவர்கள் பயன்படுத்துவது குரோவேஷியாவின் ஸ்லவோனியா ஓக் மரத்தில் செய்த பெரிய பீப்பாய்கள். பீப்பாய் பெரிதாக இருந்தால் உள்ளே இருக்கும் ஒயினின் அளவோடு பார்க்கும்போது மரத்தைத் தொடும் பரப்பு குறைவு. மரத்தின் வாசனை ஏறாது, காற்று மட்டும் மெல்ல மெல்ல உள்ளே வரும். 1980களிலும் 90களிலும் 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாய்கள் மொண்டல்சீனோவில் மோஸ்தராகின. வனிலா மணத்தோடு, கறுத்து, கொழுகொழுவென்று ஒயின்கள் வந்தன, விமர்சகர்கள் மதிப்பெண்களை அள்ளிக் கொடுத்தார்கள். பியோந்தி சாந்தியை அப்போது மெலிசு, புளிப்பு, பழம்பாணி என்றவர்கள் உண்டு. இளம் பாட்டிலை மட்டும் ருசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை. இது முதல் பத்து வருடத்தில் உங்களைச் சந்தோஷப்படுத்தவென்று செய்த ஒயின் அல்ல.

ஃபெருச்சியோவுக்குப் பின் மகன் தன்க்ரேதி வந்தார். ஒயின் இயலை முறையாகப் படித்தவர். கிரெப்போ ஒயினை நூறு வயது வரை கொண்டுபோனதில் இவருடைய பங்கை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. பாட்டிலில் அடைத்த ஒயினுக்குப் பெரிய எதிரி கார்க். இருபது முப்பது ஆண்டில் கார்க் தளர்ந்துவிடும், ஒயின் துளித்துளியாகக் குறையும், குறைந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். அதற்குத் தன்க்ரேதி 1927இல் ஒரு வழி செய்தார். 1888, 1891 பாட்டில்களைத் திறந்து, ருசித்து, நன்றாக இருப்பவற்றை அதே வருடத்து இன்னொரு பாட்டிலின் ஒயினாலேயே நிரப்பி, புதுக் கார்க் போட்டு அடைத்தார். ஒரு பாட்டிலைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றுவது. இத்தாலிய மொழியில் 'ரிகொல்மத்தூரா' என்ற இந்த வழக்கம் பிறகு அந்தக் குடும்பத்தின் அடையாளமாகவே ஆயிற்று. பழைய ரிசெர்வா வைத்திருந்த வாடிக்கையாளர்களும் பாட்டிலைக் கிரெப்போவுக்குக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டார்கள்.

இப்படித் திறந்து நிரப்பியதை அசல் என்று சொல்லலாமா என்று ஏலக்காரர்களும் சேகரிப்பாளர்களும் சண்டை போடுவதுண்டு. வெளியாள் செய்தால் எனக்கும் சந்தேகம்தான். செய்த வீட்டிலேயே, செய்தவர் கண்முன், அதே வருடத்து ஒயினால் நடந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. குடிக்கத்தானே ஒயின்.

1944இல் போர்முனை டஸ்கனியைக் கடந்தபோது தன்க்ரேதி பழைய ரிசெர்வாக்களை நிலவறையில் சுவர் எழுப்பி மறைத்து வைத்தார். அவை தப்பியதால்தான் 1994இல் 1888 முதல் 1988 வரையிலான நூற்றாண்டில் பதினைந்து வருடத்து ஒயின்களை வரிசையாகத் திறந்து விமர்சகர்களுக்கு ருசிக்கக் கொடுக்க முடிந்தது. நூறு வயது கடந்த 1888 அப்போதும் உயிரோடு இருந்தது.

உலகம் இந்தப் பெயரைக் கவனித்தது இன்னும் முன்பே. 1969இல் இத்தாலியக் குடியரசுத் தலைவர் சரகாத் லண்டன் போயிருந்தபோது இத்தாலியத் தூதரகத்தில் எலிசபெத் அரசிக்கு அளித்த விருந்தில் 1955 ரிசெர்வா பரிமாறப்பட்டது. அதே 1955ஐத்தான் 1999இல் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை 20ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு ஒயின்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. பட்டியலில் இத்தாலியிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

விதிகளும் இவர்கள் வழியிலேயே அமைந்தன. 1966இல் புருனெல்லோவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, 1980இல் அது இத்தாலியின் மிக உயர்ந்த தகுதிக்கு ஏறியது. நூறு சதவீதம் சான்ஜோவேசே, மரப்பீப்பாயில் நீண்ட காலம் என்பதெல்லாம் விதியாயின. மரத்தில் நான்கு ஆண்டு என்றிருந்ததைப் பிறகு இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் அறுவடைக்குப் பின் ஐந்தாவது ஆண்டு ஜனவரிக்கு முன் விற்க முடியாது. ரிசெர்வா என்றால் ஆறாவது ஆண்டு. 1960களில் பத்திருபது பேர் செய்த ஒயினை இன்று இருநூறுக்கு மேற்பட்டவர்கள் செய்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். 2008இல் சிலர் மெர்லோ போன்ற வேறு திராட்சையைக் கலந்துவிட்டார்கள் என்று விசாரணை வந்து ஊர் பெயர் நாறியது. விதியைத் தளர்த்திவிடலாம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. வாக்கெடுப்பில் உற்பத்தியாளர்கள் மிகப் பெரும்பான்மையாக மறுத்துவிட்டார்கள்.

கலப்பு கூடவே கூடாது என்று கடைசிவரை நின்றவர்களில் ஒருவர் தன்க்ரேதியின் மகன் ஃபிராங்கோ. 1922இல் பிறந்தவர். தோட்டத்துக் கொடிகளிலிருந்து 1970களில் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தேர்ந்தெடுத்த கொடிவகை ஒன்று பிபிஎஸ்11 என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் பெயரெழுத்தைச் சுமக்கும் கொடி. வயது பார்த்துப் பழத்தைப் பிரிப்பது அவருடைய வீட்டு விதி: 25 வருடத்துக்கு மேற்பட்ட கொடி என்றால் ரிசெர்வாவுக்கு, பத்துக்கு மேல் என்றால் சாதாரண புருனெல்லோவுக்கு, அதற்குக் கீழே ரோஸோ என்ற இளம் ஒயினுக்கு.

உங்கள் பாட்டிலுக்கு இங்கேதான் ஒரு தனிச் சிறப்பு. 2010 மொண்டல்சீனோவில் மிக நல்ல வருடம். உற்பத்தியாளர் சங்கம் கொடுக்கும் உச்ச மதிப்பான ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அந்த அறுவடை ஃபிராங்கோவின் மேற்பார்வையில் நடந்தது. அது இன்னும் பீப்பாயில் இருந்தபோதே, 2013 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். பாட்டில் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. பிறகு மகன் யாகோபோ நடத்தினார். 2016 இறுதியில் பெரும்பான்மைப் பங்கு, பைப்பர் ஹைட்சிக், சார்ல்ஸ் ஹைட்சிக் ஷாம்பெயின்களை வைத்திருக்கும் பிரெஞ்சுக் குழுமமான இபிஐ கைக்குப் போயிற்று. அதனால் பழைய குடும்பக் காலத்து பாட்டில்களுக்குச் சந்தையில் தனி மரியாதை. புதியவர்களும் பெரிய பீப்பாயையும் தனிச் சான்ஜோவேசேயையும் விடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், உங்கள் கடைசிக் கேள்வி. நிலையான 12 முதல் 15 டிகிரியில், இருட்டில், படுக்கவைத்து இருந்தால் இந்த 2010 இன்னும் இருபது வருடமாவது நன்றாகப் போகும். நம் ஊர் வீட்டு அலமாரியில், கோடையில் 35 டிகிரிக்கு மேல் போகும் அறையில் என்றால் இரண்டு கோடை தாண்டுவதுகூடக் கஷ்டம். வெப்பத்தில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், பழமணம் வெந்த ஜாம்போல ஆகிவிடும். ஒயினுக்கென்று குளிர்பெட்டி இல்லையென்றால், அடுத்த விசேஷத்துக்குத் திறந்துவிடுங்கள். சேமித்துவைக்க ஆசைப்பட்டு வீணடிக்க வேண்டாம்.

திறப்பதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயின் கழுத்துவரை இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, மூடித்தகட்டின் ஓரம் பிசுபிசுத்தாலோ பயணத்தில் சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் சரியென்றால், முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் கீழே இறங்கட்டும். நாலைந்து மணி நேரம் முன்பே கார்க்கை எடுத்துவிட்டு, கழுத்தில் இருப்பதை மட்டும் ஒரு கிளாஸில் ஊற்றி எடுத்துவிடுங்கள். உள்ளே காற்றுப் படப் பரப்பு கிடைக்கும். பரிமாற 18 டிகிரி போதும். 'அறை வெப்பநிலை' என்று புத்தகங்களில் இருப்பது டஸ்கனியின் கல்வீட்டு அறை. நம் வீட்டில் என்றால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள்.

சாப்பாட்டுக்கு அங்கே தணலில் வாட்டிய மாட்டுக்கறி, காட்டுப்பன்றி, பியென்சா ஊர் ஆட்டுப்பால் சீஸ் என்று போவார்கள். இங்கே மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் பொருந்தும். கொழுப்பும் உப்பும் டானினை அடக்கிவிடும். பச்சை மிளகாய், காய்ந்த மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். காரத்தின் மேல் டானின் ஏறினால் வாயில் எரிச்சலும் கசப்பும்தான் மிஞ்சும், கொடுத்த விலைக்கு அது நியாயமில்லை.